பேர், ஊர் சொன்னால் போதுமா? டிமென்ஷியா வந்தவரின் கையெழுத்தும் சட்டமும்

என் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்குத்தான் வீடு என்று பல வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். சொன்னாரே தவிர எழுதி வைக்கவில்லை. ஞாபகம் தப்ப ஆரம்பித்து இரண்டு மூன்று வருடம் ஓடிய பிறகுதான், "இனிமேலும் தள்ளிப்போட வேணாம், செட்டில்மென்ட் எழுதிடலாம்" என்று பெரிய அண்ணன் கிளம்பினார். உயிரோடு இருக்கும்போதே சொத்தைச் சொந்தத்துக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரிலேயே பத்திர எழுத்தர் கடை. சார்பதிவாளர் கேட்கக்கூடிய கேள்விகளை அவரே ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "ஐயா, உங்க பேரு?" இனிஷியலில் தொடங்கி எம்.ஏ., பி.எட். வரைக்கும் சொன்னார் பெரியப்பா. அப்பா பேர், தெரு, ஊர் எல்லாம் டாண் டாண் என்று வந்தன. பேனாவைக் கையில் கொடுத்ததும் முதல் பக்கத்தின் அடியில் அந்தப் பழைய சாய்வான கையெழுத்து ஒரு நடுக்கம் இல்லாமல் விழுந்தது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "பையன் எந்த ஸ்கூலுக்குப்பா போறான்?"

டி.சி.யில் கையெழுத்துப் போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"பேர் ஊர் எல்லாம் கரெக்டா சொல்றாரே, அப்புறம் என்னடா?" என்றார் அண்ணன். அவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. தங்கைக்குச் சேர வேண்டியது சேரட்டும் என்றுதான் அலைந்தார். ஆனால் எனக்குச் சாட்சி போடக் கை வரவில்லை. ஏன் என்று அன்று சொல்லவும் தெரியவில்லை. அதன் பிறகு வக்கீல்களிடம் கேட்டும், சட்டத்தை எடுத்துப் படித்தும் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். டிமென்ஷியா என்பது ஒரே ஒரு நோயின் பேர் கிடையாது. நினைவு, கணக்கு, வழி கண்டுபிடிப்பது, நல்லது கெட்டது யோசிப்பது போன்ற திறன்கள் அன்றாட வாழ்க்கையே தடுமாறும் அளவுக்குக் குறைந்துகொண்டு போகும் நிலைக்குப் பொதுப்பெயர் அது. அல்சைமர் அதில் அதிகம் காணப்படும் வகை. பக்கவாதத்தாலும் மூளை ரத்தக்குழாய் அடைப்பாலும் வருவது இன்னொரு வகை. நெற்றிப் பக்கத்து மூளையைத் தாக்கும் ஒரு வகையில் ஞாபகம் ஓரளவு நன்றாகவே இருக்கும், குணம்தான் மாறிவிடும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் வீடு, நிலம், பென்ஷன், வங்கிக் கணக்கு என்று ஏதாவது ஒன்று இல்லாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

சட்டத்தின் பார்வைக்கு முக்கியமான ஒரு விஷயம்: எல்லா ஞாபகமும் ஒரே நேரத்தில் போவதில்லை. நேற்று நடந்தது முதலில் போகும். ஐம்பது வருடம் சொல்லிப் பழகிய பேரும் ஊரும் நெடுநாள் நிற்கும். கைப்பழக்கம் இன்னும் கெட்டி. சைக்கிள் ஓட்டுவது, பூக்கட்டுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அந்த வகை. என் பெரியப்பாவின் கையெழுத்து நடுங்காமல் விழுந்ததற்குக் காரணம் இதுதான். கை எழுதியது, எதில் எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

இனி அண்ணனின் கேள்வி. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 59-ஆம் பிரிவு, யார் உயில் எழுதலாம் என்று சொல்கிறது. பிரிவின் கீழே சில உதாரணங்களும் உண்டு. அதில் முதல் உதாரணத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவருக்குத் தன்னைச் சுற்றி நடப்பது தெரிகிறது, பழக்கமான கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறார். ஆனால் தன் சொத்து என்ன, தன் உறவுகள் யார், யாருக்கு எழுதுவது முறை என்பது சரியாகப் புரியவில்லை. அவர் எழுதும் உயில் செல்லாது. அதே இடத்தில் இன்னொரு உதாரணம்: உடம்பு தளர்ந்து ஓய்ந்துபோன ஒருவர், ஆனால் சொத்தை எப்படிப் பிரிக்கலாம் என்று யோசித்து முடிவெடுக்க அவரால் முடிகிறது. அவர் எழுதும் உயில் செல்லும். நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய சட்டம், பத்திர எழுத்தர் கடையில் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி பேசுகிறது.

நாங்கள் எழுதப் போனது உயில் இல்லை, செட்டில்மென்ட். அதற்கு 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வைக்கும் அளவுகோல் பொருந்தும். 12-ஆம் பிரிவு கேட்பது இரண்டுதான். அந்த நேரத்தில், தான் செய்வது என்ன என்று அவருக்குப் புரிகிறதா? அதனால் தனக்கு வரும் லாப நஷ்டத்தை நிதானித்துப் பார்க்க முடிகிறதா? நோயின் பேரைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இதை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி என்றுதான் சொல்ல வேண்டும். டிமென்ஷியா என்று டாக்டர் சீட்டு எழுதிவிட்டதாலேயே ஒருவரின் கையெழுத்து செல்லாக்காசு ஆகிவிடாது. வழக்கமாகப் புத்தி தெளிவில்லாதவர்கூட, இடையில் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அதே 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவருக்கு மனநோய் இருப்பது மட்டுமே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்பதற்குப் பொருளாகாது, தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்தால் ஒழிய என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவரைப் பார்த்து "உங்களுக்கு ஒண்ணும் புரியாது, நீங்க சும்மா இருங்க" என்று பேசும் பிள்ளைகள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

இன்னொரு பக்கம், எவ்வளவு புரிய வேண்டும் என்பது எதில் கையெழுத்து என்பதைப் பொறுத்து மாறும். ஐந்நூறு ரூபாய்க்குக் காய்கறி வாங்கத் தெரிந்தவர், வீட்டை எழுதிக் கொடுத்தால் நாளை தான் எங்கே இருப்பது என்று யோசிக்க முடியாதவராக இருக்கலாம். காலையில் தெளிவாக இருப்பவர் பொழுது சாய்ந்ததும் குழம்பிப்போவது இந்த நோயில் சகஜம். ஆகவே "அவருக்குப் புத்தி தெளிவா இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்தப் பத்திரம், இந்த நேரம் என்று கேட்க வேண்டும்.

உயில் விஷயத்தில் உலகம் முழுக்க வக்கீல்கள் இன்னமும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு 1870-ல் இங்கிலாந்தில் வந்தது. ஜான் பேங்க்ஸ் என்பவர், செத்துப்போன ஒரு ஆளும் பேய்களும் தன்னைத் துரத்துவதாக நம்பிக்கொண்டிருந்தார். அவர் தன் உடன்பிறந்தவரின் மகளுக்குச் சொத்தை எழுதிவைத்த உயில் செல்லுமா என்று வழக்கு. செல்லும் என்றது நீதிமன்றம். உயில் என்றால் என்ன, தன்னிடம் இருப்பது எவ்வளவு, தன்மேல் பாத்தியதை உள்ளவர்கள் யார் என்பது தெரிந்து, அந்தப் பிரமை இந்த முடிவில் தலையிடாமல் இருந்தால் போதும் என்றது. பேய் துரத்தினாலும் உயில் எழுதலாம். பேய் சொன்னபடி எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தியாவில் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. பதிந்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்று நம்புகிறவர்கள் உண்டு. அது தப்பு. சார்பதிவாளர் டாக்டர் இல்லை. அவரிடம் வரிசையில் நிற்கும் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். எழுதிக் கொடுப்பவர் புத்தி சுவாதீனமில்லாதவராகத் தெரிந்தால் பதிய மறுக்க வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. ஆனால் மேலோட்டமாகத் தெரிய வேண்டுமே! பேர் ஊர் சொல்லத் தெரிந்தவர் அந்தச் சல்லடையில் சுலபமாகத் தாண்டிவிடுவார்.

பின்னால் வழக்கு என்று வந்தால், உயில் செல்லும் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1959-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை நிற்கிறது: உயிலைச் சுற்றிச் சந்தேகம் எழுப்பும் சூழ்நிலை இருந்தால், அதைப் போக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆதாயம் அடைகிறவரே முன்னால் நின்று எழுத வைத்தது, பெற்ற பிள்ளைகளைக் காரணமில்லாமல் விலக்கியது, நடுங்கிய கையெழுத்து, எழுதியவரின் மனநிலை பற்றிய கேள்வி எல்லாம் அப்படிப்பட்ட சூழ்நிலைகள். அதனால் நல்ல வக்கீல்கள் ஒரு முன்னெச்சரிக்கை செய்வார்கள். நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போதே எழுதச் சொல்வார்கள். அதே நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ நரம்பியல் அல்லது மனநல மருத்துவர் ஒருவர் பரிசோதித்துக் குறிப்பு எழுதுவார். "நல்ல மனநிலையில் உள்ளார்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் குறுக்கு விசாரணையில் நிற்காது. என்ன கேட்டேன், அவர் தன் வாயால் என்ன சொன்னார் என்று டாக்டர் எழுதி வைப்பதுதான் நிற்கும். சொத்து யாருக்குப் போகிறதோ அவர் அறைக்கு வெளியே இருப்பது நல்லது. பெரியவரின் கண்ணாடியும் காது மெஷினும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் முக்கியம். காது கேளாமல் விழிப்பதை மறதி என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு.

அடுத்தது பவர், அதாவது நமக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன, யாரும் ஏமாற்றாமலே.

"அப்பா நல்லா இருக்கும்போதே என் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துட்டார், அதனால கவலையில்ல" என்று சொல்லும் பிள்ளைகளை எனக்கே நாலைந்து பேர் தெரியும். ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவைப் படித்தால் தூக்கம் கெடும். பவர் கொடுத்தவர் இறந்தாலும் சரி, சித்தசுவாதீனம் இழந்தாலும் சரி, அதோடு பவர் முடிந்தது. நல்லா இருந்தபோது அந்தப் பவர் தேவைப்படவில்லை. தேவைப்படும் நாளில் அது காலாவதி. மழைக்காலத்தில் மட்டும் விரியாத குடை. இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், மனத்திறன் போன பிறகும் செல்லுபடியாகும் 'நீடித்த பவர்' எழுதலாம். சிங்கப்பூர்த் தமிழர்கள் அதை எல்.பி.ஏ. என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அங்கே இருக்கும் தம்பி "எல்.பி.ஏ. போட்டாச்சா?" என்று கேட்கும்போது இங்கே இருக்கும் அண்ணன் முழிப்பதற்குக் காரணம், இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை.

சரி, யாராவது ஒருவரைச் சட்டப்படி பாதுகாவலராகப் போட்டுக்கொள்ளலாமே? இங்கேதான் ஒரு வேடிக்கை. 1987-ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் அதற்கென்று ஒரு அத்தியாயமே இருந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டால், விசாரித்து, சொத்தைப் பார்த்துக்கொள்ள மேலாளரை நியமிப்பார்கள். 2017-ல் வந்த புதிய சட்டம் நோயாளியின் உரிமையை முன்னால் வைத்தது. அது நல்ல காரியம். ஆனால் பழைய சட்டம் போனபோது அந்த அத்தியாயமும் அதோடு போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் ஏற்பாடு இருந்தாலும், அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கானது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' பற்றிப் பேசுகிறது. அது அந்தந்த முடிவுக்கு, அவரோடு கலந்து பேசி முடிவெடுக்கும் ஏற்பாடு. நோய் முற்றி, பேச்சே போனவரின் வீட்டை விற்று வைத்தியம் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு அது பிடிமானம் தருவதில்லை.

அதனால் அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவதுதான் வழி என்று ஆகிவிட்டது. 2019-ல் கேரள உயர் நீதிமன்றம், கோமாவில் கிடப்பவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க நெறிமுறைகளையே வகுத்துக் கொடுத்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். கணவர் கோமாவில், மருத்துவச் செலவு தாங்க முடியவில்லை, அவர் பேரில் உள்ள சொத்தை விற்க அனுமதி வேண்டும். சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, இந்த நிலையில் இருக்கும் குடும்பத்தை இன்னும் அலைக்கழிக்கக் கூடாது என்று அவரையே பாதுகாவலராக நியமித்தது. விற்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பேரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையும் போட்டது. இரண்டும் கோமா வழக்குகள். முற்றிய டிமென்ஷியாவுக்கும் இதே வாசல்தான். மருத்துவ அறிக்கை, வருவாய்த்துறை விசாரணை, மற்ற வாரிசுகளின் சம்மதம், கணக்கு ஒப்படைப்பு என்று எல்லாம் உண்டு. பென்ஷன் பணத்தை எடுப்பதற்காக உயர் நீதிமன்றம் வரை போக எத்தனை குடும்பத்தால் முடியும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் மட்டும் கொஞ்சம் சுலபம், முன்கூட்டியே யோசித்திருந்தால். கணவன் மனைவி கூட்டுக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் வைத்திருந்தால், ஒருவருக்கு நோய் வந்தாலும் அடுப்பு எரியும். நாமினி போட்டால் போதும் என்று நினைப்பது வேறு. நாமினிக்கு வேலை கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகுதான். இன்னொரு சின்ன ஆறுதல் ஒப்பந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் இருக்கிறது: புத்தி சுவாதீனம் இல்லாதவருக்குச் சாப்பாடு, மருந்து போன்ற அத்தியாவசியங்களைக் கொடுத்தவர், அந்தச் செலவை அவருடைய சொத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம். மருந்துக் கடைக்காரர் பயப்படத் தேவையில்லை.

எழுதி வாங்கிக்கொண்டு கைவிடும் கதைகளும் உண்டு. வயதாலோ நோயாலோ மனத்திறன் பாதிக்கப்பட்டவரோடு ஒப்பந்தம் செய்பவரை, அவர்மேல் ஆதிக்கம் செலுத்தும் இடத்தில் இருப்பவராகவே ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு பார்க்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது: பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிக்கொண்டு பார்க்காவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர்தான் அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவர், வக்கீல் வேண்டியதில்லை. "என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் அதை வைத்தே பெரிய வாதம் நடக்கும். முதியோர் உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

சிகிச்சை பற்றிய முடிவுக்குச் சட்டம் இன்னும் தாராளம். மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநலச் சிகிச்சையைப் பொறுத்தவரை, சொன்னதைப் புரிந்துகொள்ளவோ, விளைவை உணரவோ, தன் முடிவைப் பேச்சு, சைகை, முகபாவம் என்று ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்கவோ முடிந்தாலே போதும். தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை முன்கூட்டியே எழுதி வைக்கவும் அதில் வழி இருக்கிறது. கடைசிக் காலத்தில் வெண்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதி வைப்பதை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் நடைமுறையை 2023-ல் எளிமையாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்போ கெசட்டட் அதிகாரி முன்போ எழுதினால் போதும் என்றது.

குற்ற வழக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. குணம் மாறும் வகை டிமென்ஷியாவில், ஜென்மத்தில் பொய் சொல்லாதவர் கடையில் காசு கொடுக்காமல் பொருளை எடுத்துக்கொண்டு நடப்பார். செய்த நேரத்தில் அதன் தன்மையோ, அது தப்பு என்பதோ மனநிலைக் குறைவால் தெரியாமல் இருந்தால் குற்றமில்லை என்று, குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. சாட்சிக் கூண்டிலும் இதே தர்க்கம்தான். முதுமையோ நோயோ கேள்வியைப் புரியவிடாமல் தடுத்தால்தான் ஒருவர் சாட்சியாக முடியாது. மறதி இருந்தாலும் கேள்வி புரிந்து பதில் சொன்னால் சாட்சிதான்.

இதன் கடைசி எல்லைக்குப் போன வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 1985-ல் அலபாமாவில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றவர் வெர்னான் மேடிசன். சிறையில் பக்கவாதம் பல முறை வந்து டிமென்ஷியா ஆகி, செய்த கொலையே நினைவில் இல்லை என்ற நிலைக்கு வந்தார். 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, நம் பதிவு அலுவலகத்துக்கும் பொருந்தும் அதே வேறுபாட்டைத்தான்: குற்றம் நினைவில்லை என்பதால் மட்டும் தண்டனை நிற்காது, ஆனால் எதற்காகத் தன்னைக் கொல்கிறார்கள் என்பதே புரியாத நிலையில் ஒருவரைக் கொல்லக் கூடாது. ஞாபகம் வேறு, புரிதல் வேறு. தண்டனை நிறைவேறாமலே 2020-ல் அவர் சிறையில் இறந்துபோனார்.

என் பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். அன்று முதல் பக்கத்தில் மட்டும் கையெழுத்தான அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, வழியில் அவருக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். இரண்டு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெரியம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு என்று வீடு நாலாகப் பிரிந்தது. பெரிய அண்ணன் தன் பங்கைத் தங்கைக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். சின்ன அண்ணன் இன்னும் எழுதவில்லை. அவரைக் கேட்டால், "அப்பா அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லையே" என்கிறார்.